குடோனில் வளர்ந்தது

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
ஜூன் 11, 2025

லோகா அக்காவுக்கு,

போன் பண்ணாமல் தம்பி என்ன கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் போன வருஷத்துக் கோபம் ஏறி வந்து நான் கத்திவிடுவேன். வாட்ஸாப்பில் எழுதினால் அது எங்கெங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எப்படியும் இந்தப் பார்சலைக் கூரியரில் அனுப்பியாக வேண்டும், அதோடு ஒரு தாளும் போகட்டும். தமிழ் எழுதி வெகுகாலம் ஆகிறது. இங்கே பில், போர்டு, பேப்பர் எல்லாம் மலையாளம். பிழையெல்லாம் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே.

பார்சலில் இருப்பது உலர்ந்த அத்திப்பழம். வெளிநாட்டுச் சரக்கு. வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் இறங்கி நேரே என் குடோனுக்கு வந்தது. மூன்று பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். ஒன்று நல்ல பழம், ஒன்று வெடித்தது, ஒன்று மேலே பச்சையாகப் பொடி படிந்தது.

விஷயம் இதுதான். குடோனுக்குப் பின்னால் வாய்க்காலோரம் சரோஜம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்துச் செத்துப்போனான். அவள் என்னிடம் பழம் பொறுக்குகிறாள். வீட்டில் வாத்து வளர்த்தாள், தாறாவு என்பார்கள் இங்கே. நாங்கள் கழித்துப்போடும் பழங்களை அவற்றுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். போன வாரம் அவை ஒவ்வொன்றாகக் காலை இழுத்துக்கொண்டு நடந்தன. அப்புறம் கழுத்து பின்பக்கமாக வளைந்து விழுந்தன. இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

குடோன் வாசலில் வந்து நின்று, "முதலாளி, உங்க பழந்தான் என் தாறாவைக் கொன்னுச்சு. வேறே என்ன தின்னுச்சு அதுங்க?" என்று கத்தினாள். "வாய்க்கால்ல என்னென்னவோ விடறா. அதைக் குடிச்சிருக்கும்" என்றேன். பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ பூஞ்சை பார்க்கிற விஞ்ஞானி. பழத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுதிக்கொடு. வெளி லேபுக்குக் கொடுத்தால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். போன வருஷம் திராட்சைக்குச் செய்ததை இதற்கும் செய்யாதே, கேட்டியா. அன்று நான் உன்னிடம் கேட்டது ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வார்த்தையை மாற்று என்றுதான். நீ மாற்றவில்லை. சரக்கு அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மீனாக்ஷி சௌக்கியம். குழந்தை அம்ருதா மூன்றாம் கிளாஸ் போகிறாள்.

கல்யாணராமன்


மைசூரு
ஜூன் 20, 2025

அன்புள்ள கல்யாணா,

பிழை எதையும் திருத்தவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது.

உன் மூன்று பொட்டலங்களிலிருந்தும் எடுத்துத் தட்டுகளில் வளர்த்தேன். பச்சை படிந்ததில் பூஞ்சை வரும் என்று எதிர்பார்த்தேன். நீ "நல்லது" என்று எழுதியிருந்ததிலும் வந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. பழத்தைப் பிளந்தால் உள்ளே, விதைகளுக்கு நடுவில் இருக்கிறது.

பார்வைக்கு இது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்தில் ஈரலைக் கெடுக்கும் விஷத்தைச் செய்வதும் உண்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா வளர்வதும் உண்டு. ஜப்பானில் சோயா சாறு புளிக்கவைக்கிற பூஞ்சைகூட இதற்குப் பங்காளிதான். இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே தடுமாறும். வித்தியாசம் உள்ளே, மரபணுவில் இருக்கிறது. விஷத்தைச் செய்கிற மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். சிலவற்றில் அந்த வரிசை அறுந்துபோயிருக்கும், அவற்றால் விஷம் செய்ய முடியாது. நான் முதலில் படித்த டி.என்.ஏ. துண்டு குடும்பப் பெயரை மட்டும்தான் சொல்கிறது. விஷ வரிசை முழுசாக இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை ஒரு பழத்தையும் வெளியே விடாதே. வேலைக்காரர்களுக்கும் கொடுக்காதே. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. வாத்துகள் செத்த விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்த விஷத்துக்கு முதலில் விழுகிற பிராணி வாத்துதான்.

இத்துடன் குழாய்களும் பஞ்சும் வைத்திருக்கிறேன். குடோன் சுவரிலும் தரையிலும் சாக்குகளின் மேலும் துடைத்து அனுப்பு.

போன வருஷத்தைப் பற்றி நானும் எழுத ஆரம்பித்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.

லோகாம்பாள்


கொச்சங்காடி
ஜூன் 24, 2025

அக்கா,

நீ கேட்டபடி பஞ்சில் துடைத்து அனுப்பியிருக்கிறேன். வடக்குச் சுவர் இன்னும் காயவில்லை. போன வருஷம் வேலியேற்றத்தில், அதுதான் கடல் ஏறி வருகிற சமயத்தில், காயல் தண்ணீர் குடோனுக்குள் முழங்கால் வரை வந்தது. அதிலிருந்து அந்தச் சுவர் எப்போதும் ஈரம்தான், வெயில் காலத்தில்கூட. இங்கே யார் குடோனில் ஈரமில்லை?

உன் கடிதம் வந்தது பெரிய உபகாரம். சரோஜம்மாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஜப்பான்காரன் சோயா சாற்றில் போடுகிற பூஞ்சை இதுக்குப் பங்காளியாக்கும், என் அக்காவே எழுதியிருக்கா என்றேன். முழுசும் வாசிக்கவில்லை. மரபணு, வரிசை என்றெல்லாம் வாசித்தால் அவர்களுக்கு என்ன புரியும்? அவள் "அப்படின்னா சரி முதலாளி. படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் வேலையில் உட்கார்ந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ கேட்டுக் கோபிப்பாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆலுவாவிலிருந்து சிஜு வந்து கொஞ்சம் சரக்கு எடுத்துப்போனான். கேக் போடுகிறவன். பொடியாக நறுக்கி மாவில் கலப்பான். அதில் என்ன வந்துவிடப்போகிறது? வெடித்த பழங்களை வேலைக்காரர்கள் விஷு முதலே வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். நானே கூப்பிட்டுக் கொடுப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

சரோஜம்மாவின் மருமகள் சுமாவுக்கு மஞ்சப்பித்தம், மஞ்சள்காமாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள். அவள் மாசமாக இருக்கிறாள். ஆனால் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மஞ்சப்பித்தம்தான். தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று கார்ப்பரேஷன்காரர்கள் வந்து கிணற்றில் எல்லாம் மருந்து போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டையும் முடிச்சுப் போடாதே.

கல்யாணராமன்


மைசூரு
ஜூலை 2, 2025

கல்யாணா,

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மீனாக்ஷியின் பழைய எண்ணில் ஒரு ஆட்டோக்காரர் பேசுகிறார். அதனால் இதை அதிவேகக் கூரியரில் அனுப்புகிறேன். நின்றுகொண்டாவது முழுசும் படி.

மரபணு முடிவு வந்துவிட்டது. விஷ வரிசை எங்கும் அறுபடவில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை எல்லாம் இருக்கிறது, எல்லாம் வேலை செய்கிறது. நான் சொன்ன சாதுப் பங்காளி இது இல்லை. பழங்களை அரைத்து விஷத்தையும் அளந்தோம். பல பழங்களில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் இருந்ததைப் பார்த்து என் சக ஊழியர் கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி அளந்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது. ஒரே சாக்கில், ஒரே கைப்பிடியில்கூட அப்படிக் கலந்து கிடக்கிறது. ஒருவர் தினமும் சாப்பிட்டும் நன்றாக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் விழுந்துவிடுவார். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்று நீ எழுதியதற்கு இதுதான் அர்த்தம்.

சுமாவின் மஞ்சள்காமாலை தண்ணீரால் வந்ததாகவே இருக்கட்டும். ஏற்கெனவே புண்பட்ட ஈரலில் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். அவளுடைய டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. அவர் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கே போய் அவரிடம் சொல். எந்த ஆஸ்பத்திரி என்று நீ எழுதவில்லை, எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். சிஜுவிடம் போய் மாவைக் கொட்டச் சொல்.

குடோனை மூடு. புற ஊதா விளக்கு வைத்துப் பார்த்தால் இந்தப் பழங்களில் பல பச்சை மஞ்சளாக ஒளிரும், பெரிய ஆலைகளில் அப்படித்தான் பிரிப்பார்கள். ஆனால் அது முதல் சல்லடை மட்டுமே.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு இதை எழுத வேண்டியது என் கடமை. எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நீயாகவே போய்ச் சொன்னாய் என்று இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். உனக்கும்தான்.

லோகா


கொச்சங்காடி
ஜூலை 4, 2025

அக்கா,

போனை எடுக்கவில்லை. எடுத்தால் கேட்க வேண்டியிருக்கும், அதனால் எடுக்கவில்லை.

உனக்குச் சந்தோஷமா? போன வருஷம் திராட்சை, இந்த வருஷம் அத்தி. இந்த இடத்தை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது தெரியுமா? மாடத்தி என்று ஒருத்தி, இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறாள். பாண்டியராஜ் சுமடு தூக்கியே முதுகு போனவன், அவனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? நீ ஒரு தாளில் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாய். அவர்கள் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும்.

உன் கூரியர் கவரைப் பார்த்ததுமே பெண்களுக்குள் பேச்சு எழுந்தது. பாண்டியராஜ் நேரே வந்து, "சேட்டா, பழத்துல விஷம்னு சொல்றாங்க, நேரா சொல்லுங்க" என்றான். நான் சாக்கைத் திறந்து கையை விட்டு எடுத்து, எல்லாரும் பார்க்கத் தின்றேன். ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. மென்று விழுங்கிவிட்டுச் சாயா வாங்கிவரச் சொன்னேன். அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மாடத்தியும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊதா விளக்கு எர்ணாகுளத்தில் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. ஷட்டரை இறக்கிவிட்டு நானே பார்ப்பேன். ஒளிர்கிறதையெல்லாம் எடுத்து எரித்துவிடுகிறேன், மீதியை விடு. அதுவரை எழுதாதே. உன் தம்பி கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்ல? நான் கொடுத்தேன் என்றா?

கல்யாணம்


மைசூரு
ஜூலை 7, 2025

கல்யாணா,

எழுதிவிட்டேன். நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு குடோனுக்குள் நின்ற அதே ஞாயிற்றுக்கிழமை இங்கே உட்கார்ந்து அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். இன்று காலை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஒளிராத பழத்தில் விஷம் இல்லை என்று எண்ணாதே. முதல் சல்லடை என்று அதற்குத்தான் சொன்னேன். அதைவிட மோசமான ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

நீ சுவரில் துடைத்து அனுப்பிய பஞ்சிலும் அதே பூஞ்சை வந்தது. ஒரே இனத்தில் எத்தனையோ வம்சங்கள் இருக்கும். மனிதருக்குக் கைரேகை பார்ப்பதுபோல மரபணுவில் குறிப்பிட்ட இடங்களைப் பார்த்தால் எது எந்த வம்சம் என்று தெரிந்துவிடும். அத்தியில் இருந்ததும் வடக்குச் சுவரில் இருந்ததும் ஒன்றேதான். பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. போன வருஷம் உன் திராட்சையிலிருந்து வளர்த்ததை நாங்கள் உறைபெட்டியில் வைத்திருக்கிறோம். எடுத்துப் பார்த்தேன். அதுவும் இதே வம்சம்.

புரிகிறதா? வெளிநாட்டுக்காரன் கெட்ட சரக்கைத் தள்ளிவிட்டான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரக்கு நல்லதாகத்தான் வந்திருக்கிறது. தண்ணீர் ஏறி இறங்கியதிலிருந்து அது உன் குடோனில் குடியிருக்கிறது. இடையில் அந்தச் சுவரில் சாய்த்துவைத்த ஒவ்வொரு சாக்கையும் நினைத்துப் பார். பேரீச்சை, பாதாம், எல்லாம். யாருக்கெல்லாம் போனது?

உறவு என்பதால் இந்த விவகாரத்திலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். அது முடியும் வரை அங்கே வரக்கூடாது, உன்னோடு பேசக்கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இனி என்னிடமிருந்து பதில் வராது. அது கோபத்தினால் இல்லை.

இவ்வளவு கடிதத்தில் அம்ருதா என்ன சாப்பிடுகிறாள் என்று நீ எழுதவே இல்லை. நான் கேட்கவும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

அக்கா


எர்ணாகுளம்
ஜூலை 15, 2025

அக்காவுக்கு,

பதில் வராது என்று தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறோம். இந்தப் பேப்பரை நர்ஸிடம் கேட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு விளக்கைப் போட்டேன். முதல் சாக்கில் அங்கங்கே மின்னாமினுங்கு மாதிரி. எடுத்து வாளியில் போட்டேன். அடுத்த சாக்கு. அதற்கடுத்தது. வாளி நிரம்பி, கூடை நிரம்பி, அப்புறம் எடுப்பதையே நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பச்சைதான். வெடித்த பழங்களை வைக்கிற பெட்டி ஒன்று உண்டு, பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போவதற்காக. அதைத் திறந்ததும் விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கோடு வீட்டுக்குப் போனேன். மத்தியானம். மீனாக்ஷி கோயிலிலிருந்து வரவில்லை. அடுக்களைக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். அம்ருதா ஸ்கூலுக்குப் பிஸ்கட் கொண்டுபோக மாட்டாள். அதிலிருந்து கைநிறைய எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போவாள். நான்தான் பழக்கினேன், உடம்புக்கு நல்லது என்று. பாட்டிலின் அடி வரை ஒளிர்ந்தது. அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "எந்தா அப்பா இது? நல்ல பங்கியா இருக்கே!" என்றாள். அழகாயிருக்கிறதாம்.

உன் அடுத்த கடிதம் வருவதற்கு முன்பே சரோஜம்மா வீட்டுக்குப் போய்விட்டேன் அக்கா. அதை மட்டும் நம்பு. அவள் மகன் ஆஸ்பத்திரியில் சுமாவோடு இருந்தான், அவள் மட்டும் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். கடிதத்தை முழுசும் வாசிக்கவில்லை என்பதையும் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அத்தியைக் காயவைத்துப் பொடித்து வைத்திருந்தாள்.

"தினம் பால்ல கலக்கிக் கொடுத்தேன், முதலாளி. அவளுக்குக் குமட்டும், வேண்டாம்னு சொல்லுவா. வயித்துப் பிள்ளைக்கு நல்லதுன்னு நான்தான் பிடிவாதமாக் குடிக்க வெச்சேன். நீங்க வாசிச்சுக் காட்டினப்புறம் ஒரு கரண்டி கூடவே போட்டேன்."

இருவரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இத்தனை நாள் என்ன பண்ணிண்டிருந்தேள்?" என்று கேட்டார். நம்மவர்தான், வைத்தீஸ்வரன் என்று பெயர். மருந்துகளை மாற்றினார். அன்று சாயங்காலமே குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை, மாசம் நிறையாதது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுமா வெள்ளிக்கிழமை போய்விட்டாள். தண்ணீரில் வந்த கிருமியா, பழமா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிகாரிகள் வந்து குடோனைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். வடக்குச் சுவரை இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். யார் யாருக்குச் சரக்கு விற்றேன் என்று என்னைக் கேட்டார்கள், தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஆலுவாவுக்கு அவர்களோடு நானும் போனேன். கேக் எல்லாம் எப்போதோ விற்றுப்போயிருந்தது. சிஜு கடை ஷட்டரை இறக்கிவிட்டு, என் முகத்தில் துப்பினான். வாங்கினவர்களை எங்கே போய்த் தேடுவது? பேப்பரில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் வருவார்கள்.

எங்கள் தெரு முழுக்க ரத்தம் கொடுத்திருக்கிறது. மாடத்தி, பாண்டியராஜ், அவன் பிள்ளைகள், நான், மீனாக்ஷி, அம்ருதா. இன்றைக்கு ரிசல்ட். மீனாக்ஷி என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் குழந்தை உட்கார்ந்து படம் வரைகிறாள். அவள் கண் வெள்ளை கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. இந்த டியூப் லைட்டில் எல்லார் கண்ணும் அப்படித்தான் தெரிகிறது.

ஜன்னலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுத் தாளை நீட்டுகிறார்கள். வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாடத்தி வாங்கிவிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லையாம், சிரித்துக்கொண்டே அழுகிறாள். பாண்டியராஜுக்கு மருந்து எழுதியிருக்கிறது. என்னுடைய தாளும் வந்துவிட்டது. ஒன்றுமில்லை. அந்தக் கைப்பிடி தின்றவனுக்கு ஒன்றுமில்லை.

இப்போது நர்ஸ் வெளியே வந்திருக்கிறாள். கையில் தாள் இல்லை. வேறு யாரையும் இப்படிக் கூப்பிடவில்லை.

"அம்ருதாட அச்சனும் அம்மையும் ஒண்ணு உள்ளே வரணும். டாக்டருக்குப் பேசணும். குட்டி இவிடெ இரிக்கட்டே."

மீனாக்ஷி எழுந்துவிட்டாள். நானும் எழுந்திருக்க வேண்டும்.

கல்யாணம்